பதினொண்ணு டிரைவிங் டெஸ்டுக்கு வந்த நாள்

என் அத்தான் என்னை நான்கு முறை பெயிலாக்கியவர். பெண்டாட்டியின் கூடப் பிறந்த தம்பி என்ற தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. முதல் முறை நான் கண்ணாடி பார்க்கவில்லை. இரண்டாம் முறை கண்ணாடியை மட்டுமே பார்த்தேன். மூன்றாம் முறை ரிவர்ஸில் ஒரு கூம்பைச் சாய்த்தேன். நான்காம் முறை அந்தக் கூம்புக்குப் பயந்து வண்டியைக் கிளப்பவே இல்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். "உனக்கு மேலயும் கீழயும் போறதுதான்டா வரும், நேரா போக வராது" என்பார் அத்தான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவர் ஓட்டுநர் உரிமத்துக்கு டெஸ்ட் எடுக்கிற அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அதே அலுவலகம், அதே சிமெண்ட் முற்றம், தனக்கென்று ஒரு பிரேக் வைத்த அதே சாம்பல் நிறக் கார். பெயிலானவர்களைத் திட்ட மாட்டார். படிவத்தை மடித்துக் கையில் கொடுத்து, "மறுபடி வாங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. 'மறுபடி வாங்க' என்றால் தெரியும்.

என் அக்காவையே இரண்டு முறை பெயிலாக்கியவர். அப்போது அவர்களுக்குள் அறிமுகம்கூடக் கிடையாது. இரண்டாம் முறை அக்கா அவரை நடுமுற்றத்தில் நிறுத்தி வைத்து ஆபீஸே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டாள். மூன்றாம் முறை ஒரு பிழைகூட இல்லாமல் ஓட்டிக்காட்டி லைசென்ஸை வாங்கினாள். நான்காம் முறை போனபோது அவளுக்கு அங்கே டெஸ்ட் எதுவும் இல்லை. அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் அத்தான் இருக்கிற இடம் தெரியாது. டிவி ரிமோட்டைக்கூட "கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுத்தான் எடுப்பார். அந்த மனிதரைச் சனிக்கிழமை மைதானத்தில் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கால்பந்து அணி இரண்டாம் பிரிவில் ஆடுகிற சின்ன அணி. கேலரி பாதி காலியாகத்தான் இருக்கும். ஆனால் அத்தான் கேலரியில் உட்கார மாட்டார். இடது விங்கில் ஆடுகிற பதினோராம் நம்பர்தான் அவருக்கு உயிர். நாங்கள் எல்லோரும் அவனைப் 'பதினொண்ணு' என்றுதான் சொல்வோம். பதினொண்ணு எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கத்து வேலியில்தான் அத்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமல்லவா? அப்போது அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்தையே சுற்றி நடந்து எதிர்ப் பக்க வேலிக்குப் போய்விடுவார். அங்கே நின்றுகொண்டு தொண்ணூறு நிமிஷமும் கத்துவார். "உள்ள வெட்டு! வெளிய போ! அடி! அடிடா!" ரிமோட்டுக்கு அனுமதி கேட்ட தொண்டையா இது என்று இருக்கும்.

அங்கேயும் அவருடைய நேர்மை ஒரு தொல்லை. நம் ஆள் காலில் பட்டுப் பந்து வெளியே போனால், "அது அவங்க பந்துதான்!" என்று நடுவருக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று எனக்கு ஐந்தாவது டெஸ்ட். நான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில் இந்த முறை அத்தானிடம் இல்லாமல் அவருடன் வேலை பார்க்கிற அம்மையாரிடம் விழுந்திருந்தது. காத்திருப்பு அறையில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுகிற ஒரு கடிகாரம். என்னைத் தவிர யாரும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். தொப்பி, கசங்கிய சட்டை, கையில் பஸ் டிக்கெட். உள்ளே வந்தவன் அறைக்கு நடுவே நடக்காமல் இடது பக்கச் சுவரை உரசினாற்போல் நடந்து ஜன்னலுக்குப் போனான். அந்த நடையை நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். பதினொண்ணு! எங்கள் பதினொண்ணு, என்னிடமிருந்து நாலடி தூரத்தில், விண்ணப்பத்தை ஜன்னலில் நீட்டிக்கொண்டு நிற்கிறான்!

இப்படி ஒரு நாள் வந்தால் என்னவெல்லாம் பேசவேண்டும் என்று நான் எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தேன். அவன் திரும்பினான். நான் சட்டென்று எழுந்து, "உக்காருங்க" என்று என் நாற்காலியைக் காட்டினேன். மீதி ஏழு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவன் அவற்றையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாவம், நான் காட்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது உள்கதவு திறந்தது. அத்தான் கையில் அட்டையோடு வந்து படிவத்திலிருந்த பெயரைப் பார்த்தார். காது நுனி இரண்டும் சிவந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டார். ஆறு வருஷம் பார்த்த முகத்தை! ஆனால் விதி என்றால் விதிதான். "வாங்க" என்றார். ஒரு வார்த்தைதான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் காரை நோக்கி நடந்தபோது அத்தான் இடறி, ஒன்றுமில்லாத தரையைத் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு மேல் காருக்குள் நடந்ததை அத்தான் பாதியும் பதினொண்ணு பாதியுமாகப் பின்னால் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போனதால் நம்புகிறேன்.

முற்றத்தில் பதினொண்ணு பிரமாதமாக ஓட்டினான். ரிவர்ஸில் கூம்புகளுக்கு நடுவே தயிரில் கத்தி போவதுபோல் போனானாம். எனக்கு அதைக் கேட்கவே வயிறு எரிந்தது. பிறகு வெளிச்சாலை. சந்தை முக்கில் சின்னத் தெரு பெரிய சாலையில் சேருகிற இடம். அங்கே நின்று, வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து உள்ளே நுழையவேண்டும். தேர்வாளர் வாயைத் திறக்கக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று மட்டும்தான் சொல்லலாம்.

பதினொண்ணு நின்றான். ஒரு நல்ல இடைவெளி வந்தது. போகவில்லை. இரண்டாவது வந்தது. போகவில்லை. மைதானத்திலும் இவனுக்கு இருக்கிற ஒரே வியாதி இதுதான். எதிரே இடம் விரியத் திறந்து கிடக்கும், இவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிற்பான். மூன்றாவது இடைவெளி வந்தது. ஒரு லாரியே படுத்து உருளலாம், அவ்வளவு பெரியது. அப்போது அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"போ! போடா! இடம் கெடக்குடா, போ!"

கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. பதினொண்ணு போனான். வழுக்கிக்கொண்டு, அழகாக, சரியான வேகத்தில் சாலையில் கலந்தான். அத்தான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் டெஸ்டுக்கு வந்த ஒருவரையும் அவர் 'டா' போட்டதில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு பதினொண்ணு மெதுவாகக் கேட்டான். "சார்... வேலியில நிக்கறது நீங்களா?"

அத்தான் தலையை மட்டும் ஆட்டினார்.

"கடவுளே! ஆறு வருஷமா முகம் தெரியாம அந்தக் குரலைக் கேக்கறேன் சார். எங்க அம்மா குரலைக்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்."

அத்தானுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. தன் குரல் அவன் காதில் விழுந்திருக்கிறது! ஆனால் பதினொண்ணு இன்னும் முடிக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க 'வெளிய போ'ன்னு கத்தும்போது எனக்கு மட்டுமா காது இருக்கு? என்னை மறிச்சு நிக்கற பேக்குக்கும் இருக்கு. உடனே அவன் வெளிய வந்து நின்னுக்கறான். 'உள்ள வெட்டு'ன்னா உள்ள வந்துடறான். நீங்க தப்பா சொன்னதே இல்ல சார், அதான் பிரச்சனை. அதனால நீங்க கத்தி முடிக்கட்டும்னு நான் நின்னுடுவேன். நின்னு நின்னே பழகிப்போச்சு. இப்ப ரோட்டுலயும் நிக்கறேன்."

அத்தான் அதைக் கேட்டபோது எப்படி இருந்திருப்பார் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிரணிக்கு ஆறு வருஷமாகச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்திருக்கிறார்.

காரை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அத்தான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தார். பதினொண்ணு தன் நிலைமையைச் சொன்னான். இவ்வளவு நாளாகக் கோல்கீப்பரின் வண்டியில்தான் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். கோல்கீப்பர் போன மாதம் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே. இரண்டு பஸ் மாறவேண்டும். கோச் கறாரானவர். ஒரு சீசனில் மூன்று தடவை தாமதமாக வந்தவன் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காரவேண்டியதுதான். பதினொண்ணு இரண்டு தடவை தாமதமாகிவிட்டான். இன்னும் பதினோரு நாளில் சீசனின் கடைசி ஆட்டம். அதில் ஜெயிக்காவிட்டால் எங்கள் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும்.

"ஒரு பழைய காரு பேசி வெச்சிருக்கேன் சார். லைசென்ஸ் கிடைச்சா நாளைக்கே எடுத்துடுவேன். மத்ததெல்லாம் சரியாத்தானே ஓட்டினேன்? நீங்க கத்தினது யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார் அத்தான். "அந்த மூணாவது இடைவெளியையும் நீங்க விட்டிருந்தா பெயில். தானா போயிருந்தா பாஸ். என்ன பண்ணியிருப்பீங்கன்னு இனி யாருக்கும் தெரியப்போறதில்ல. அதை நான் கெடுத்துட்டேன்."

படிவத்தின் அடியில் 'தேர்வாளர் குறுக்கீடு, தேர்வு செல்லாது' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டாம். யாரும் எப்போதும் தொடாத கட்டம். அத்தான் அதில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டார். இனி இந்த விண்ணப்பதாரரைத் தான் சோதிக்கக் கூடாது என்றும் கீழே எழுதினார். அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

பதினொண்ணு தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடுவதை நான் முற்றத்திலிருந்து பார்த்தேன். என் டெஸ்ட் அப்போதுதான் முடிந்திருந்தது. நான் பாஸ். ஆமாம், ஐந்தாவது முறையில் பாஸ்! அம்மையார் என் கையைக் குலுக்கினார். அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னை வெறித்துப் பார்த்து, "நம்ம அணியை நானே இறக்கிட்டேன்டா" என்றார். என் வாழ்நாள் சாதனைக்குக் கிடைத்த வாழ்த்து அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார். அவரால் மறைக்க முடியாது, அது ஒரு ஊனம். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வாயைத் தெறந்து கத்தினது நீங்க. தண்டனை அவனுக்கா?"

"விதி அப்படித்தான் இருக்கு."

"உங்க விதியை அடுப்புல போடுங்க. பாஸ் போட்டிருந்தா நான் உங்களை விட்டுட்டுப் போயிருப்பேன், அது வேற விஷயம். அந்தப் பையன் எங்க குடியிருக்கான்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் அந்த வெங்காயம் நறுக்குகிற நேரத்துக்குள்ளேயே முடிவாகிவிட்டது. அவளுக்கு வேலை பத்து மணிக்கு, கண்ணாடிக் கடையில். பயிற்சி ஏழரைக்கு. வீட்டில் கார் இருக்கிறது. "மேட்ச் வரைக்கும் தினமும் நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

"நான் ஓட்டறேனே, எனக்கும் லைசென்ஸ் வந்தாச்சு" என்று நான் ஆசையாகச் சொன்னேன்.

"நீ ஓட்டினா அவன் கிரவுண்டுக்குப் போக மாட்டான், ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்" என்றாள் அக்கா. இப்படித்தான் நான் பாஸானது வீட்டில் தெரியவந்தது.

அத்தான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. டெஸ்டுக்கு வந்தவனைத் தேர்வாளர் குடும்பம் காரில் ஏற்றிக்கொண்டு போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? மறுநாள் மேலதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டார். மேலதிகாரி தாளைப் படித்துவிட்டு அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாராம். "இனி அவருக்கு நீங்க டெஸ்ட் எடுக்கப்போறதில்ல. உங்க வீட்டம்மா யாரைக் கார்ல ஏத்தறாங்கங்கறது ஆபீஸ் விஷயமும் இல்ல. ஆளை விடுங்க சார்."

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு நாங்கள் மூவரும் அவன் குடியிருந்த அச்சுக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே காரில் காத்திருந்தோம். அக்கா ஒருத்தி போனால் போதும். ஆனால் யார் வீட்டில் இருப்பது? பதினொண்ணு ஈரத் தலையோடு இறங்கி வந்தான். காரையும் உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்துச் சிரித்தான். ஏறப்போனவனை அக்கா தடுத்தாள்.

"தம்பி, ஷூவைத் தட்டிட்டு ஏறு."

ஊரே கை தட்டிய அந்தக் காலை அவன் படியில் தட்டினான், தட்டிவிட்டு ஏறினான். முன் சீட்டில் உட்கார்ந்து அவித்த முட்டை இரண்டைத் தின்றான். எங்களுக்கு அதைப் பார்ப்பதே பெரிய நிகழ்ச்சியாக இருந்தது. அக்கா வாய் ஓயாமல் பேசினாள். நான் கேட்க நினைத்த அத்தனை கேள்விகளையும் கேட்டேன். அத்தான் என் பக்கத்தில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கத்திவிடுவோமோ என்று பயம்.

நாலாம் நாள்தான் வாயைத் திறந்தார். "கடைசி மேட்ச்ல உங்களை மறிக்கப்போறது யாரு?"

"நெட்டையா ஒருத்தன் சார், போன வருஷமும் அவன்தான். நல்ல கெட்டிக்காரன், பாம்புக் காது. போன தடவை ஆட்டம் முடிஞ்சு கை குடுக்கும்போது எங்கிட்டயே கேட்டான். 'உங்க கோச்சு எதுக்கு வேலிக்கு வெளிய நிக்கறாரு?'ன்னு."

அக்கா சிரித்த சிரிப்பில் காரே கோணிக்கொண்டு போயிற்று. அத்தான் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் விபரீதம் வந்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து, சாலை முழுக்கப் பெயின்ட் டப்பாக்கள். மணி ஏழு பத்து. முன்னால் நாற்பது வண்டிகள், பின்னாலும் அடைத்துக்கொண்டிருந்தது. பதினொண்ணு பெல்ட்டைக் கழற்றினான். "அக்கா, நான் ஓடியே போயிடறேன்."

"எட்டு கிலோமீட்டரா? உக்காரு!"

அக்கா தலையைத் திருப்பினாள், ஒரு கையைச் சீட்டின் மேல் போட்டாள், பக்கத்துச் சந்துக்குள் ரிவர்ஸில் விட்டாள். இருபுறமும் மதில், காருக்கும் மதிலுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. முந்நூறு அடி பின்னாலேயே போனாள். கல்யாணத்துக்கு முன்னால் இதே ரிவர்ஸுக்காகத்தான் அத்தான் அவளை முதல் முறை பெயிலாக்கினார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். "ஒரு சின்னப் பிழை. ரெண்டு. இது கொஞ்சம் பெரிசு..."

"எறக்கி விட்டுருவேன்!" என்றாள் அக்கா.

ஏழு இருபத்தொன்பதுக்குப் பயிற்சி மைதானத்து வாசலில் இறக்கினாள். கோச் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். பதினொண்ணு அவரைத் தாண்டி ஓடினான். நாங்கள் மூவரும் காருக்குள்ளேயே கோல் விழுந்ததுபோல் கத்தினோம். அத்தானும்தான்.

கடைசி ஆட்டத்தன்று கேலரி நிரம்பி வழிந்தது. கிளப்பின் கொடியை அக்கா சால்வை மாதிரி போர்த்திக்கொண்டு வந்தாள். வழக்கமான வேலியோரம் போய் நின்றோம். ஆட்டம் தொடங்கியதும் அத்தான் இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்தில் எப்போதும் நிற்கிற மரக்கடைக்காரர் பதறிப்போனார். "என்ன சார், பல்லு வலியா?"

அத்தான் தலையாட்டினார். அது 'இல்லை' என்ற ஆட்டம்தான், மரக்கடைக்காரர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு ஒரு மாத்திரையை நீட்டினார். முதல் பாதி முழுக்க அத்தான் வாயைப் பொத்தியபடியே நின்றார். பதினொண்ணு நன்றாகத்தான் ஆடினான், ஆனால் அந்த நெட்டை பேக் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தான். கோல் இல்லை. இடைவேளையில் மைதானத்தைச் சுற்றி எதிர்ப் பக்கம் நடந்தோம். இரண்டாம் பாதியிலும் கோல் விழவில்லை. எழுபது நிமிஷம். எண்பது. சமன் ஆனாலும் எங்களுக்குச் சாவுதான், ஜெயித்தே ஆகவேண்டும். கேலரியில் சத்தம் அடங்கிவிட்டது. அக்கா கொடியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். பந்து பதினொண்ணு காலுக்கு வந்தது, எங்களுக்கு நேர் எதிரே, வேலியிலிருந்து பத்தடி. நெட்டையன் முன்னால் வந்து கால்களை அகட்டி நின்றான். பதினொண்ணு நின்றுவிட்டான். அப்போது அவன் தலையை நிமிர்த்தி வேலியைப் பார்த்தான். ஒரு நொடிதான். நேராக அத்தானைப் பார்த்தான்.

அத்தான் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"உள்ள வெட்டு!"

இரண்டு வாரம் சேர்த்து வைத்திருந்த குரல் மொத்தமும் அதில் வந்தது. நெட்டையன் ஒரே எட்டில் உள்பக்கம் சாய்ந்தான். பதினொண்ணு வெளியே போனான். கோட்டை ஒட்டி, சுண்ணாம்பு பறக்க, யாருமில்லாத இடத்தில் ஓடினான். இடது காலால் ஓங்கி அடித்தான். பந்து கோல்கீப்பரின் கையைத் தாண்டித் தூர மூலையில் போய் வலையை உலுக்கியது.

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. மரக்கடைக்காரர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கா வேலியின் மேல் ஏறி நின்றாள். பதினொண்ணு நேராக எங்களை நோக்கி ஓடிவந்து, வேலிக்கு மேலே கையை நீட்டி அத்தானின் தலையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனான். பேசி வைத்துக்கொண்டதா என்று பலர் கேட்டார்கள். சத்தியமாக இல்லை. காரில் அதைப் பற்றி ஒரு பேச்சும் வந்ததில்லை.

விசில் ஊதியாயிற்று. ஜெயித்தாயிற்று. எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, அத்தான் வெளுத்துப்போய் நின்றார்.

"பொய் சொல்லிட்டேன்டா."

"யார்கிட்ட?"

"அந்த நெட்டைப் பையன்கிட்ட. அவன் என்னை நம்பினான்டா. போய் மன்னிப்புக் கேக்கணும்."

அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வீட்டுக்கு இழுத்து வந்தோம். விட்டிருந்தால் எதிரணி உடை மாற்றுகிற அறைக்கே போயிருப்பார்.

ஆட்டம் முடிந்தாலும் பயிற்சி முடியவில்லை, கோப்பை ஆட்டங்கள் பாக்கி இருந்தன. அதனால் காலை ஆறரை சவாரி தொடர்ந்தது. பத்து நாள் கழித்துப் பதினொண்ணுவுக்கு டெஸ்ட் வந்தது, அம்மையாரிடம். அன்று அத்தான் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். காலையிலிருந்து மூன்று தடவை சட்டை மாற்றினார். "பாஸாயிடுவான். நல்லா ஓட்டறான். பாஸானா காரு எடுத்துடுவான்" என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல முகம் வாடிக்கொண்டே வந்தது.

பதினொன்றரைக்கு போன் வந்தது. அக்கா எடுத்தாள். "அப்படியா தம்பி? அடடா... சரி, மனசை விட்டுடாதே. நாளைக்கு ஆறரைக்கே வந்துடறோம்." போனை வைத்துவிட்டு எங்களிடம் திரும்பினாள். "பெயிலாம். இந்தத் தடவை நிக்கவே இல்லையாம். நிக்க வேண்டிய கோட்டையும் தாண்டிப் போயிட்டானாம்."

அத்தான் நிதானமாகத் தலையை ஆட்டினார். "கோட்டைத் தாண்டினா பெயில்தான். அந்தம்மா சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குள் போனார்.

டம்ளர் எடுக்க நானும் பின்னாலேயே போனேன். அத்தான் பாத்திர மேடைக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி, இரண்டு முஷ்டியையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் குதித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். கை அப்படியே மேலே நின்றது. காது நுனி சிவந்தது.

"அவன்கிட்ட சொல்லிடாதேடா" என்றார்.